மூக்கு எழுத்தும் தவமணி அண்ணன் ஸ்டியரிங்கும்

புதுசா சேர்ந்திருக்கிற டீச்சர்களா, முதல்ல அந்த மார்க்கரை மூடி வைங்க, காஞ்சு போயிரும். அப்புறம் என்னையப் பாத்து எந்திரிச்சு நிக்காதீங்க. நான் ரிட்டயர் ஆயிட்டேன், இனிமே நான் உங்களத் திட்டுனா கூட நீங்க கேக்க வேண்டியதில்ல. ஸ்போக்கன் இங்கிலீஷ் எப்படிச் சொல்லிக்குடுக்கிறதுன்னு உங்களுக்கு ட்ரெய்னிங்ல சொல்லியிருப்பாக. நான் அதுக்குள்ள போகல. கிளாஸ்ல நம்ம சொல்லிக்குடுத்தது வெளிய போயி என்ன சேட்டை பண்ணும்ங்கிறத எவனும் சொல்லமாட்டான். அத மட்டும் சொல்றேன்.

எங்க சென்டர் ஆனையூர்ல இருந்துச்சு. கீழ டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மாடியில நாங்க. அத நடத்துனவர நாங்க பெரிய சார்னுதான் கூப்பிடுவோம். ஆளு என் தோளுக்குத்தான் இருப்பாரு. அவருக்கு மேல வேற சார் கிடையாது, அதனால பெரிய சார். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கிறுக்குன்னு நான் சொல்றேன், அவரு அத 'மெத்தட்'ம்பாரு.

"டீச்சர், இங்கிலீஷ்ல ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தையெல்லாம் பங்காளிங்க. எழுத்தப் புடிச்சுட்டா அர்த்தம் பின்னாடியே வந்துரும்"னு சொல்லுவாரு.

முழுசா பொய்யின்னும் சொல்ல முடியாது. நீங்களே யோசிச்சுப் பாருங்க. எஸ், என் ரெண்டும் சேர்ந்து முன்னாடி வந்தா மூக்கு. ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் கொறட்டை, ஸ்னிஃப் மோந்து பாக்குறது, ஸ்னாட் மூக்குச்சளி, ஸ்னவுட் பன்னி மூஞ்சி. ஜி, எல் வந்தா பளபளப்பு. கிளிட்டர், கிளீம், கிளோ, கிளாஸ். எஸ், எல் வந்தா வழுக்கல். ஸ்லிப், ஸ்லைட், ஸ்லோப், ஸ்லைம். சி, ஆர் வந்தா எதுவோ ஒண்ணு ஒடைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கிராக், கிராஷ், கிரஷ், கிரம்பிள். டபிள்யூ, ஆர் வந்தா முறுக்குறது. ரெஞ்சு, ரிஸ்ட்டு எல்லாம் அந்தக் கூட்டம்.

எங்கயாச்சும் ஒதைக்கும்ல? ஒதைக்கும். ஒருத்தன் கேட்டான், "சார், ஸ்னேக்குக்கு மூக்கு எங்க சார் இருக்கு?" பெரிய சார் அசரவே இல்ல. "அது சீறுது பாரு, எது வழியா சீறுது?"ன்னாரு. "ஸ்னோன்னா பனி சார், அதுல மூக்கு எங்க?"ன்னு அடுத்தவன். "நீ போயி பனியில நின்னு பாரு, மூக்கு ஒழுகும்." "ஸ்னாக்ஸ் சார்?" "மூக்குப் பிடிக்கத் திங்கிறதுடா!" அம்புட்டுதான், கிளாஸே கைதட்டிருச்சு. நானும்தான் தட்டுனேன்.

இத்தோட விட்டிருந்தா வம்பில்ல. வார்த்தை வாயில மட்டும் இருந்தா மறந்துருமாம், ஒடம்புல ஏத்தணுமாம். அதனால ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஆக்‌ஷன். ஸ்னிஃப்னா ரெண்டு விரலால மூக்கத் தொட்டு இழுத்து மோக்கணும். கிளிட்டர்னா பத்து விரலையும் மூஞ்சிக்கு முன்னாடி மினுக்கணும். ஸ்லிப்னா கால வழுக்கி விடணும். கிராஷ்னா ரெண்டு காலையும் சேத்து ஒரே குதி. ஆக்‌ஷன் இல்லாம எவனாச்சும் வார்த்தையச் சொல்லிட்டா, "செல்லாது, திருப்பிச் சொல்லு"ன்னுருவாரு. எங்க சென்டர் சட்டம் அது. கீழ கடைக்காரர் மாடிப்படியில பாதி ஏறி நின்னு, "டீச்சர், இன்னைக்கு என்ன எழுத்து? சி, ஆர்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஹெல்மெட் மாட்டிக்கிறேன்"ம்பாரு.

இந்த லட்சணத்துலதான் தவமணி அண்ணன் வந்து சேந்தாரு.

அவருக்கு ஏறக்குறைய என் வயசு. சொந்த ஊரு எழுமலைப் பக்கம், குடியிருந்தது ஆனையூர்ல. காலமெல்லாம் லாரி ஓட்டுன மனுசன். லாரி மொதலாளி வண்டிய வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டாரு, அண்ணனுக்கு வேலை போச்சு. போனதுகூடப் பரவாயில்லன்னு இருந்திருப்பாரு. ஒரு காதுகுத்து வீட்டுல, பந்தியில, சொந்தபந்தம் அம்புட்டுப் பேரும் இருக்கும்போது அவரு பொண்டாட்டியோட அண்ணன் எலையில கறிய வச்சுக்கிட்டே சொல்லியிருக்காரு: "மாப்ள, சும்மாதான இருக்கீக? நம்ம கோழிக்கடைக்கு வாங்க. புடிச்சுக் குடுக்க ஆளில்லாம கெடக்கேன்."

பந்தி சிரிச்சிருச்சு. இவரு எலைய மூடிட்டு எந்திரிச்சு, "கோழி புடிக்கிற கையா இது? டவுன்ல பெரிய ஓட்டல்ல வெள்ளக்காரகள வச்சு கார் ஓட்டிக் காட்டுறேன். இல்லைன்னா நானே வந்து ஒங்க கடையில நிக்கிறேன்"னு சொல்லிட்டு வந்துட்டாரு. வெறும் கோவத்துல விட்ட சவால். அவருக்கு அப்பத் தெரிஞ்ச இங்கிலீஷு ஸ்டாப்பு, ரைட்டு, ரிவர்ஸு.

"டீச்சர், அந்தக் கடை வாசல்ல நான் நின்னா என் பொண்டாட்டி அவ அண்ணன் வீட்டுல தலை நிமிந்து சாப்பிட மாட்டா. எனக்கு இங்கிலீஷ் வேணும்"னு கேட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. பாடுபட்டுச் சொல்லிக்குடுத்தேன்.

அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. ஆக்‌ஷன்ல அவர அடிச்சுக்க ஆளே கெடையாது. ரெஞ்சுக்குத் துண்ட முறுக்குனா துண்டு கிழியும். ஸ்னோருக்கு பெஞ்சுல சாஞ்சாருன்னா பக்கத்துல இருக்கவனுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் அவரே நெசமாத் தூங்கிட்டாரு, பெரிய சார் "பர்ஃபெக்ட்!"னு மார்க்குப் போட்டாரு.

கொஞ்ச நாள்ல அண்ணன் வேலை கேட்டிருந்த ஒரு ஓட்டல்ல இருந்து கூப்பிட்டாக, நானும் கூடப் போனேன். டிராவல் மேனேஜரு கோட்டுப் போட்ட இளவட்டம். "மேடம், இன்டர்வியூ எல்லாம் இல்ல. ஒரு ட்ரையல் ட்ரிப். எங்க ரெகுலர் கெஸ்ட் ஒரு அம்மா வந்திருக்காங்க. அவங்க ஓகே சொன்னா ஓகே. நீங்க வேணா முன்னாடி சீட்ல உக்காந்து பாருங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது. நீங்க ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தீங்கன்னா ட்ரையல் கேன்சல்"னாரு. சரின்னுட்டேன்.

அந்த அம்மா பேரு ஹெலன். வயசானவக, வெள்ளை முடி, காட்டன் சேலையை நம்மள விட நல்லாக் கட்டியிருந்தாக. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டப் பாத்துட்டு, அங்கருந்து உசிலம்பட்டி வழியா எழுமலைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் பாக்கணுமாம். எழுமலையின்னதும் அண்ணன் மூஞ்சியில வெளிச்சம். சொந்த ஊராச்சே.

வண்டி கெளம்புச்சு. மாட்டுத்தாவணி நெருங்க நெருங்க பூ வாசம் கண்ணாடியத் தாண்டி வந்துச்சு. ஹெலன் அம்மா பின்னாடி இருந்து இங்கிலீஷ்ல கேட்டாக, "இது என்ன வாசனை?"

எனக்கு ஒரே சந்தோசம். மூக்குக் கேள்வி! நம்மாளு இதுல புலி. அண்ணனும் சந்தோசமா வாயத் தெறந்தாரு. தெறந்த வாயோட ரெண்டு கையையும் ஸ்டியரிங்க விட்டு மூக்குக்குக் கொண்டு போனாரு.

ஆத்தாடி! வண்டி நேரா ஒரு ஷேர் ஆட்டோவப் பாத்துப் போகுது. ஆட்டோவுக்குள்ள இருந்தவுக எங்களப் பாத்துக் கும்புடுறாக. நான் "யம்மா!"ன்னு கத்திட்டேன். அது தமிழ், அதனால கணக்குல வராதுன்னு வச்சுக்கங்க. அண்ணன் டக்குனு கையக் கீழ கொண்டு வந்து ஸ்டியரிங்கப் புடிச்சுட்டாரு. வண்டி நேராச்சு. ஆனா வார்த்தை போயிருச்சு.

வாய் தெறந்திருக்கு, சத்தம் வரல. மறுபடி ஒரு கை லேசா எந்திரிக்குது, மறுபடி ஸ்டியரிங்குக்கே போகுது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இந்த மனுசனுக்கு நாங்க இங்கிலீஷ வாயில சொல்லிக்குடுக்கல, கையில சொல்லிக்குடுத்திருக்கோம். கை அசைஞ்சாத்தான் வார்த்தை வரும். கையோ ஸ்டியரிங்குல இருக்கு. ஒரு டிரைவருக்குப் போயி இப்படி ஒரு மெத்தட்ட யாராச்சும் சொல்லிக்குடுப்பாகளா? உலகத்துலேயே எங்க சென்டர் ஒண்ணுதான் குடுத்திருக்கும்.

அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா? இண்டிகேட்டரப் போட்டாரு. பின்னாடி பாத்தாரு. நிதானமா ஓரங்கட்டுனாரு. ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, சீட்டுல முழுசாத் திரும்பி உக்காந்து, ரெண்டு விரலால மூக்கத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தாரு.

"மேடம். ஸ்னிஃப். ஜாஸ்மின். குட் ஸ்னிஃப்."

அந்தம்மாவும் மூக்கத் தொட்டு இழுத்து, "குட் ஸ்னிஃப்"னாக. அண்ணன் திரும்பி, பிரேக்க எறக்கி, வண்டிய எடுத்தாரு.

அதுக்கப்புறம் இதே கதைதான். அந்தம்மா எதையாச்சும் கேப்பாக. அண்ணன் இண்டிகேட்டர் போடுவாரு, ஓரங்கட்டுவாரு, ஹேண்ட் பிரேக், ஆக்‌ஷன், வார்த்தை, மறுபடி வண்டி. ஊரத் தாண்டுறதுக்குள்ள நின்ன எடம் கணக்கில்ல. டவுன் பஸ்ஸுகூட எங்களவிடக் கம்மியாத்தான் நின்னிருக்கும். ஒரு சிக்னல் தாண்டி நின்னப்ப டிராஃபிக் போலீஸ்காரர் வந்து கண்ணாடியத் தட்டுனாரு.

"என்னப்பா, பிரேக்டவுனா?"

"இல்ல சார். பேசிக்கிட்டிருக்கேன்."

போலீஸ்காரர் என்னையப் பாத்தாரு. நான் வாயத் தெறக்கக் கூடாதே, ரெண்டு கையையும் விரிச்சேன். அவரு மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "பேசி முடிச்சுட்டுக் கெளம்புங்க"ன்னுட்டுப் போனாரு. மதுரையில எம்புட்டோ பாத்தவரு போல.

செக்கானூரணி தாண்டுச்சு. ரோட்டுல பஸ்ஸு, லாரி, டிராக்டருன்னு ஒண்ணு மேல ஒண்ணா வருது. ஓரத்துல ரோடு வேலைக்காக ஜல்லியக் கொட்டி வச்சிருக்கான், நிறுத்த எடமே இல்ல. அந்தம்மா தூரத்துல மலையக் காட்டி என்னமோ கேக்குறாக. பதிலில்ல. மறுபடி கேக்குறாக. இல்ல. அண்ணன் பல்லக் கடிச்சுக்கிட்டு ரோட்டயே பாத்து ஓட்டுறாரு. கண்ணாடியில அந்தம்மா மொகம் சுருங்குறது எனக்குத் தெரியுது. என் தோளத் தொட்டு மெதுவாக் கேட்டாக, "அவருக்கு எம்மேல கோவமா?"

பிள்ளைகளா, இந்த எடத்துல உங்களக் கொண்டாந்து உக்கார வச்சா என்ன செய்வீங்கன்னு யோசிங்க. நான் "கோவமில்ல"ன்னு ஒரு வார்த்தை சொன்னா ட்ரையல் கேன்சல். சொல்லாட்டி அந்தம்மா மனசு ஒடஞ்சு, 'இந்த டிரைவர் வேண்டாம்'னுருவாக. ரெண்டுலயும் அண்ணன் போய் நிக்கப்போறது கோழிக்கடை வாசல். எனக்கு அழுகையே வந்துருச்சு. பெரிய சார் மேல வந்த கோவம் இருக்கே, அவரு மட்டும் பக்கத்துல இருந்திருந்தா டபிள்யூ, ஆர் எழுத்த அவரு கழுத்துலயே செஞ்சு காட்டியிருப்பேன்.

அப்ப எனக்கு ஒரு ரோசனை. வாயத்தான தெறக்கக் கூடாது? கையி? அண்ணன் கை ஸ்டியரிங்குல இருந்தா என்ன, நம்ம கை சும்மாதான இருக்கு? ஆக்‌ஷன நான் பண்றேன், வார்த்தைய அவரு சொல்லட்டும். ஆகா, என்ன மூளைன்னு எனக்கே பெருமை. சீட்டுல லேசாத் திரும்பி, அவரு கண்ணுல படுற மாதிரி கையச் சாய்ச்சு ஸ்லோப்னு மலைச் சரிவக் காட்டுனேன்.

அண்ணன் என்னைய ஒரு தடவ பாத்தாரு. வண்டி லேசா ஜல்லிப் பக்கம் சாஞ்சுச்சு. உடனே கண்ண ரோட்டுக்குத் திருப்பிட்டாரு.

"டீச்சர், கையக் கீழ போடுங்க."

நான் மறுபடி காட்டுனேன்.

"அட கையக் கீழ போடுங்கன்றேன்! வேலை போனாப் போகுது. வண்டியில உசுரு இருக்கு. ஓடுற வண்டியில நான் ரோட்டத்தான் பாப்பேன்."

கிளாஸ்ல என்னைய நிமிந்துகூடப் பாக்காத மனுசன். எனக்குச் சுருக்குன்னுச்சு. கையக் கீழ போட்டேன். போட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகல, ஒரு மொபெட்டு, சோளத்தட்டைக் கட்ட மலை மாதிரி ஏத்திக்கிட்டு, சந்துல இருந்து குறுக்க வந்துருச்சு. ஓட்டுறவர் தலையே தெரியல, கட்டு மட்டும் தானா நடந்து வருது. எதுக்க பஸ்ஸு. இந்தப் பக்கம் ஜல்லி. அண்ணன் ஆரனும் அடிக்கல, கத்தவும் இல்ல. பிரேக்க மெதுவா அழுத்தி, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க லேசா ஒடிச்சு, பஸ்ஸுக்கும் ஜல்லிக்கும் நடுவுல இருந்த எடத்துல வண்டிய நிறுத்துனாரு. சோளத்தட்டை எங்க கண்ணாடியத் தடவிக்கிட்டே போச்சு. அந்தக் கட்டுக்குள்ள இருந்து ஒரு கொரலு, "வாரேண்ணே!"ன்னுச்சு. அதுக்கு எங்களத் தெரியவும் தெரியாது.

நான் மட்டும் கையாட்டிக்கிட்டே இருந்து, அவரு அதப் பாத்துக்கிட்டே இருந்திருந்தா?

ஒரு புளியமரத்தடி வந்ததும் அண்ணன் ஓரங்கட்டுனாரு. கதவத் தெறந்து எறங்கி, பின்னாடி கதவுகிட்ட போயி நின்னாரு. அந்தம்மாவும் எறங்குனாக. அண்ணன் ரெண்டு காலையும் சேத்து ரோட்டோரமா ஒரு குதி குதிச்சாரு. புழுதி எந்திரிச்சுச்சு.

"மேடம். கிராஷ்." அப்புறம் ரெண்டு கையையும் ஆட்டி, "நோ கிராஷ். டிரைவ், நோ டாக். ஸ்டாப், டாக்." அப்புறம் மலையப் பாத்துக் கையச் சாய்ச்சு, "ஸ்லோப். மை ஊரு."

டிரைவு, டாக்கு இதெல்லாம் அவரு எங்க புடிச்சாரோ. அந்தம்மா என்ன பண்ணாக தெரியுமா? சேலையக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டு அவகளும் ஒரு குதி குதிச்சு, "நோ கிராஷ்!"னாக. ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அக்கா, "ஏத்தா, என்ன சாமி வந்துருச்சா?"ன்னு கேட்டுச்சு.

அதுக்கப்புறம் அந்தம்மா வண்டி ஓடும்போது ஒண்ணுமே கேக்கல. கேள்வியெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு, நின்ன எடத்துல கேட்டாக. தோட்டத்துல, டீக்கடையில, கண்மாய்க் கரையில. தண்ணி வெயில்ல மின்னுனத அண்ணன் பத்து விரலையும் மினுக்கிக் காட்டுனா, அந்தம்மாவும் மினுக்குனாக. டீக்கடைக்காரரு டீய ஆத்தாம அப்படியே புடிச்சுக்கிட்டு நின்னாரு.

இருந்தாலும் எனக்குப் பயம் போகல. இது அவகளுக்கு வெளையாட்டாத் தெரியும். வேலை குடுப்பாகளா?

ஓட்டலுக்குத் திரும்புனோம். மேனேஜரு வாசல்லயே நின்னாரு. ஏன் இம்புட்டு நேரம்னு போன் மேல போன் போட்டிருக்காரு, அண்ணன் எடுக்கல. ஓடுற வண்டியில எடுக்கமாட்டாராம். மேனேஜரு கேக்குறதுக்கு முன்னாடி ஹெலன் அம்மாவே பேசுனாக. இங்கிலீஷ்ல பேசுனத நான் நம்ம பேச்சுல சொல்றேன்.

"போன தடவ எனக்கு ஒரு டிரைவர் குடுத்தீங்க. நல்ல இங்கிலீஷ். வழியெல்லாம் பின்னாடி திரும்பித் திரும்பி, கைய ஆட்டி ஆட்டி ஊர்க் கதை சொன்னாரு. நான் கண்ண மூடிக்கிட்டே போயிட்டு, கண்ண மூடிக்கிட்டே வந்தேன். ஒரு ஊரும் பாக்கல. இன்னைக்குத்தான் ஒங்க ஊரப் பாத்தேன். இனிமே நான் வந்தா இவருதான்."

மேனேஜரு தலைய ஆட்டுனாரு. கெஸ்ட்டுகளெல்லாம் அவருகிட்டச் சொல்ற புகாரே அதுதானாம், டிரைவர் பேசிக்கிட்டே ஓட்டுறாருங்கிறது. ஆனாலும் கோட்டுப் போட்ட மனுசன் இல்லையா, லேசுல விடுவாரா? அண்ணன் பக்கம் திரும்பி, இங்கிலீஷ்லயே கேட்டாரு, "எப்ப வேலைக்குச் சேருவீங்க?"

இந்தக் கேள்விக்கு எங்ககிட்ட எழுத்தே கிடையாது. மூக்கும் இல்ல, பளபளப்பும் இல்ல, வழுக்கலும் இல்ல, ஒடைசலும் இல்ல. இதுக்கு ஆக்‌ஷனும் கிடையாது. நான் அண்ணன் கையத்தான் பாத்தேன். எது அசையப் போகுதோன்னு சாமியெல்லாம் கும்புட்டுக்கிட்டே பாத்தேன்.

கை அசையவே இல்ல. ரெண்டும் தொடையோட ஒட்டி அப்படியே இருந்துச்சு.

"டுடே சார்"னாரு தவமணி அண்ணன்.